யாரும் பதில் தட்டாத சுரங்கம்

முதலில் அது தன் கைத்தடியின் எதிரொலி என்றுதான் நோட்புர்கா நினைத்தாள். டொக். சற்று விட்டு இன்னொரு டொக். வழுக்குப் பாறையைக் கடப்பதற்காக அவள் தடியைத் தோளில் சாய்த்துக்கொண்ட பிறகும் சத்தம் நிற்கவில்லை. பாதை இடப்பக்கம் திரும்பியது. பாறைக்கு அடியில் அதுவும் கூடவே திரும்பியது.

முன்னால் அவள் அண்ணன் செவரின் முதுகுப்பையில் நினைவுப் பலகையைக் கட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தான். மலையில் செத்தவனுக்குச் செத்த இடத்திலேயே பெயரெழுதிய பலகை நடுவது டாவெர்ன் மலைக்காரர்கள் வழக்கம். மே மாதம், செவரின் கேட்டுக்கொண்டான் என்பதற்காக, பழைய தங்கச் சுரங்கத்தின் மரத்தாங்கிகளைப் பார்த்துவரப் போன அவள் கணவன் லூயிஸ் திரும்பவே இல்லை. மீட்புக் குழுவுக்குத் தலைவனும் செவரின்தான். ஒரே நாள் தேடினான். மண் சரிகிறது என்று சொல்லிச் சுரங்கவாயைக் கல்லடுக்கி மூடினான். அடுத்த மாதமே கோடை தொடங்கியதும் அதே வழியில் சுற்றுலாக்காரர்களுக்குத் 'தங்கப் பாதை' என்று அம்புக்குறி போட்டான். அந்த அம்புக்குறிகள் வரும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ஈரக்கல்லும் துருவும் ஆட்டுப்புழுக்கையும் கலந்த வாடை, சுரங்கக்காரர்கள் எப்போதோ கொட்டிவிட்டுப் போன கற்குவியல்களிலிருந்து எழுந்து, மழைக்கோட்டுக்குள்ளும் புகுந்து, தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"மேல குடிசைல இன்னிக்கு பார்லி சூப்பாம்" என்றான் செவரின்.

டொக்.

"உப்புதான் கொஞ்சம் தூக்கலா இருக்கும். பரவால்ல, குளுருக்கு எறங்கும்."

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நடக்கிற ஆள் அவன். இன்று ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு பேச்சு வைத்திருந்தான். நடையும் கூடிக்கொண்டே போனது.

"அண்ணா, உனக்கும் அது கேக்குது."

"எது?"

"அன்னிக்கும் கேட்டுச்சா?"

அவன் நின்றான். கல் அடுக்கிய சுரங்கவாய் பக்கத்திலேயே இருந்தது. திரும்பாமலே சொன்னான்: "கூட நாலு பசங்க இருந்தாங்க, புர்கி. எல்லாரும் புள்ளகுட்டிக்காரங்க. பதில் தட்டிட்டா உள்ள போயே ஆகணும்."

சுரங்கக்காரர்கள் விட்டுப்போன சட்டம் அது. உள்ளேயிருந்து தட்டினால் வெளியேயிருந்து பதில் தட்ட வேண்டும். பதில் தட்டியவர், உள்ளே இருப்பவனை வெளியே கொண்டுவரும்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது. அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் அதை மீறியதில்லை. செவரினும் மீறவில்லை. பதில் தட்டாமல் இருந்துவிட்டான், அவ்வளவுதான்.

"உயிரோட வெச்சு செவுரு எழுப்பிட்டு, அன்னிக்கு ராத்திரி என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டியே. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டியே."

"தப்புதான்."

"கால மிதிச்சா தப்பு. இதுக்குப் பேரு தப்பா?"

"இப்ப தட்டுறது அவன் இல்ல. இத்தன மாசம் எவன் இருப்பான்? வா, போயிரலாம்."

அது அவளுக்கும் தெரியாததல்ல. ஆனால் இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த துக்கம் ஒரே நொடியில் கோபமாகியிருந்தது; அதற்குக் கணக்கு வழக்குத் தெரியாது. ஒரு கல்லை எடுத்தாள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயில் ஓங்கி அடித்தாள்.

"தட்டாத புர்கி."

மறுபடி அடித்தாள்.

உள்ளே தட்டல் நின்றது.

காற்றும் நின்றது. எங்கோ கேட்டுக்கொண்டிருந்த மாட்டுமணியும்.

பிறகு பதில் வந்தது. சுவருக்குப் பின்னாலிருந்து மட்டும் அல்ல. மேலேயிருந்து. ஓடைக்கு அடியிலிருந்து. அவர்கள் ஏறிவந்த பாதை நெடுகிலும். புல் மூடிய வாய்கள், மண் மூடிய வாய்கள், பெயரே மறந்துபோன வாய்கள். எல்லாவற்றிலிருந்தும் தட்டினார்கள். இந்த மலையில் செவரின்கள் ஒருவர் இருவர் அல்ல போலிருக்கிறது.

அவன் பையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். பனி அவனை விழுங்கியது. அவளும் ஓடியிருக்கலாம். கால் துடித்தது. ஆனால் பதில் தட்டியவள் அவள். இன்னொரு முறை லூயிஸை விட்டுவிட்டுப் போக மாட்டாள்.

சுவரில் ஒரு கல் நகர்ந்தது. உள்ளேயிருந்து தள்ளினார்கள். விழுந்தது.

ஒரு கை வந்தது. சேறு அப்பிய கை. சில்லென்ற கை.

இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். "வந்துட்டேன் லூயிஸ். வந்துட்டேன்."

அதுவும் பற்றிக்கொண்டது. இறுக்கமாக.

அப்போதுதான் குரல் கேட்டது. வெகு ஆழத்திலிருந்து. கிணற்றடியிலிருந்து வருவதுபோல. அவருடைய குரல்தான்.

"புர்கியா? நான் இன்னும் கீழ இருக்கேன்."

அவள் கையை உதறினாள். விடவில்லை.

இழுத்தாள். விடவில்லை.

இன்னொரு கை வெளியே வந்தது. அவசரமில்லாமல் அவள் முழங்கையைத் தடவி, பிடிக்க இடம் பார்த்தது. அதற்கும் பின்னால், துளையின் இருட்டில், ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் முண்டவில்லை. இருமல்கூட இல்லை. முறை வரட்டும் என்று காத்திருந்தார்கள்.