வெறுங்குவளை

குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. முதலில் ஒரு இருமல் வந்தது. பிறகு நீளமாக ஒரு மூச்சு, யாரோ உள்ளேயிருந்து உறிஞ்சி இழுப்பதுபோல. லூக்காசி குழாயின் வாயில் விரலை வைத்துப் பார்த்தான். விரல் உள்பக்கமாக இழுபட்டது.

வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டு, யாரும் பார்த்துவிட்டார்களா என்று திரும்பினான். பார்க்க வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? உலாயு மட்டும்தான். சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, காலிப் பால் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மகனே, தண்ணி."

உலாயுவுக்கு நாலு வயது. அவன் பெற்ற பெண். அவன் அம்மா செத்துப்போன குளிர்காலத்துக்கு அடுத்து பிறந்தவள் என்பதால் அம்மாவின் பெயர் இவளுக்கு வந்தது. பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரிதான். அவன் இவளை அம்மா என்பான், இவள் அவனை மகனே என்பாள். கடையிலோ தேவாலயத்திலோ ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"இப்பதானே குடிச்சே, அம்மா?"

"பத்தல."

கொதிகலனுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கி, டார்ச்சை உள்ளே அடித்தான். ஒரு சொட்டு இல்லை. தொட்டிச் சுவர் காய்ந்து கிடந்தது. நேற்று தண்ணீர் நின்ற உயரத்தில் மட்டும் சுற்றிலும் வெள்ளையாக ஒரு கோடு. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தான்.

உப்பு.

ஏரித் தண்ணீரில் ஏது உப்பு? மூடியைப் போட்டுவிட்டு தண்ணீர் வண்டி ஓட்டும் சாலமோனிக்கு போன் செய்தான். சாலமோனி, லூக்காசியின் மனைவி எலிசாபிக்கு அண்ணன். ஊரே அழுதாலும் சிரிக்கிற ஆள்.

"நேத்துதானேடா ரொப்பிட்டுப் போனேன்? என்ன மச்சான், உள்ளார திமிங்கிலம் வளக்கிறியா?"

"ஒழுகுது போல."

"ஒழுகினா வீட்டுக்கு அடியில பனிக்கட்டி தொங்கும், குனிஞ்சு பாரு. இந்தப் புயல்ல வண்டிய எடுத்தா நான் நேரா கடலுக்குள்ளதான் போவேன். நாளைக்கு வரைக்கும் பனிய உருக்கிக் குடிங்க. ஆமா, படத்துல எல்லாம் வந்த ஆளு, நீ போயி தண்ணிக்கு என்கிட்ட கெஞ்சலாமா?"

சாலமோனி சிரித்துக்கொண்டே போனை வைத்தான். லூக்காசிக்குக் காது சுட்டது.

நடுப்பகல்தான். ஆனால் இந்த வடகோடியில் சூரியன் போய் ஒரு வாரமாகிறது, இனி ஜனவரி கடைசியில்தான் தலை காட்டும். ஜன்னலில் கருப்பைத் தவிர எதுவுமில்லை. அந்தக் கருப்பைக் காற்று பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. கட்டைக்கால்களின் மேல் நிற்கிற வீடு ஒவ்வொரு வீச்சுக்கும் முனகியது, எண்ணெய் அடுப்பின் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை, சீல் என்கிற கடல்நாயின் கொழுப்பும் ஈரத் தோலும் குளிர்ந்த இரத்தமும் கலந்த, பிறந்ததிலிருந்து அவனுக்குப் பழகிய வாசனை, இன்று என்னவோ அது நகர்ந்து நகர்ந்து அறைக்குள் வந்து உட்கார இடம் பார்ப்பதுபோல இருந்தது. எலிசாபி காலை வேலைக்கு மருத்துவ நிலையத்துக்குப் போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். சாலை மூடியாயிற்று.

அப்போதுதான் அது கேட்டது. வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவிலிருக்கிற வாசலறையிலிருந்து.

தப்.

கையுறை போட்ட கையும் கையும் மோதுகிற சத்தம். மெத்தென்று. கொஞ்சம் ஈரமாக.

அந்தச் சத்தத்தை அவன் போன வாரம் பனிக்கடலின் மேல் கேட்டிருக்கிறான்.

தெற்கிலிருந்து வந்த கூட்டம் அது. இந்த ஊர் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்று காசு கட்டி வந்தவர்கள். அவர்களைக் கடலில் புதிதாக உறைந்த பனியின் மேல் கூட்டிப்போனது லூக்காசிதான். சீல் மூச்சு விட வருகிற துளைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றான். பின்னால் அவர்கள் குசுகுசுத்தும் காலை மாற்றி மாற்றி மிதித்தும்கூட சீல் வந்தது. தன்னைக் கொடுத்தது. ஈட்டியால் குத்தி மேலே இழுத்துப் போட்டு, வயிற்றைக் கீறி, ஆவி பறக்கிற ஈரலில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டான். ஒரு ஆள் 'உவ்வே' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னொருத்தி சிரித்தாள்.

"அதுக்குத் தண்ணி குடுப்பீங்களாமே? அதைப் படம் எடுக்கணும்," என்றாள் கேமரா வைத்திருந்தவள்.

கொடுக்க வேண்டும்தான். காலம் முழுக்க உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிற உயிர், ஒரு வாய் நல்ல தண்ணீருக்காகத்தான் நம் கைக்கு வருகிறது என்பாள் அம்மா. ஆனால் பிளாஸ்கில் இருந்ததெல்லாம் விருந்தாளிகளின் டீக்குப் போய்விட்டது. அதனாலென்ன? அம்மா பிளாஸ்கையா தேடினாள்? சுத்தமான பனியை ஒரு கை அள்ளி வாயில் போட்டு உருக்கி, குனிந்து, தன் வாயிலிருந்து சீலின் வாய்க்குள் விடுவாள். லூக்காசியும் பனியை அள்ளினான். வாய் வரைக்கும் கொண்டுபோனான்.

முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த ஆள் இப்போது பார்த்துக்கொண்டிருந்தான்.

செத்த விலங்கின் வாயில் எச்சில் துப்புகிறவன். அப்படித்தானே தெரியும்? லூக்காசிக்கு உடம்பு கூசியது. கையைத் தளர்த்தினான், பனி கீழே விழுந்தது. சறுக்குவண்டியிலிருந்து அம்மாவின் எனாமல் குவளையை எடுத்தான். நீல விளிம்பு வைத்தது, அடியில் பூச்சு உதிர்ந்து கருத்தது. அந்த வெறுங்குவளையை சீலின் வாயில் வைத்துச் சாய்த்தான்.

"அருமை! இன்னொரு தடவை," என்றாள் அவள்.

சாய்த்தான்.

"இந்தப் பக்கமிருந்து இன்னொரு தடவை."

சாய்த்தான். ஒவ்வொரு தடவையும் அந்த வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. உள்ளே நாக்கு வந்து குவளையின் விளிம்பைத் தொட்டதை அவன் பார்த்தான். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். எல்லோரும் கை தட்டினார்கள். கையுறை போட்ட கைகள். தப், தப், தப்.

ஊர்க்கூடத்தில் படத்தைப் போட்டபோது ஊரே தட்டியது. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க அம்மாவே குனிஞ்ச மாதிரி இருந்துச்சுடா," என்றார்.

வேட்டையாடிய அன்றே வீட்டுத் தரையில் அட்டையை விரித்து சீலை வெட்ட உட்கார்ந்த எலிசாபி அவனைக் கேட்டாள், "தண்ணி குடுத்தியா?"

"குடுத்தேன்."

குடுக்கவில்லை என்றிருந்தால் அவள் அப்போதே எழுந்து ஒரு வாய் ஊற்றியிருப்பாள். கதை முடிந்திருக்கும். அவள் வெட்டினாள். முதல் துண்டு வழக்கம்போல உலாயுவுக்குப் போனது.

"மகனே, தண்ணி."

இப்போது குழந்தையின் உதடு வெடித்திருந்தது. வாயோரத்தில் வெள்ளையாகப் பொருக்கு. கட்டைவிரலால் துடைத்தான், கரகரவென்று வந்தது. உப்பு. பழச்சாற்றைக் கொடுத்தான், குடித்தாள். நேற்றைய சூப்பைக் கொடுத்தான், குடித்தாள். அவள் தொண்டை அசைந்தது, ஆனால் எதுவும் உள்ளே இறங்குகிற மாதிரி தெரியவில்லை. கண்ணீர்கூட வராமல் அழுதாள்.

பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு பனி அள்ளப் போனான். வாசலறை விளக்கு எரியவில்லை. சமையலறை வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. தொங்குகிற அங்கிகள், பூட்ஸுகள், மூலையில் அட்டை, அட்டையின் மேல் உறைந்துபோன சீலின் தலை.

தலையைச் சுவரைப் பார்த்துத்தான் வைத்திருந்தான்.

இப்போது அது கதவைப் பார்த்தது. வாய் திறந்திருந்தது.

அள்ளினான். ஓடினான். உருக்கினான். முதல் டம்ளரை உலாயுவுக்குக் கொடுத்துவிட்டு மீதியை வாசலறைக்கு எடுத்துப்போய், மண்டி போட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "குடி, குடி, மன்னிச்சிரு," என்று அந்த வாய்க்குள் ஊற்றினான். கழுத்தோடு வெட்டிய தலை. ஊற்றுகிற தண்ணீர் பின்னாலே வழிந்து அட்டை நனைய வேண்டும்.

அட்டை நனையவில்லை.

சட்டி முழுவதும் போனது. மறுபடி அள்ளினான், மறுபடி உருக்கினான், மறுபடி ஊற்றினான். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அவன் ஊற்ற ஊற்ற உள்ளே குழந்தையின் அழுகை கூடிக்கொண்டே போனது. ஒளித்து ஒளித்துக் கொடுக்கிற தண்ணீர் எங்கே போகிறதோ.

போன் அடித்தது. எலிசாபி.

"அம்மா என்ன பண்றா?"

"தண்ணி கேட்டுக்கிட்டே இருக்கா. உதடெல்லாம் உப்பு."

"லூக்காசி. அந்த சீலுக்கு நெசமாவே தண்ணி குடுத்தியா?"

"படத்துல பாத்தேல்ல?"

"பாத்தேன். அந்தக் குளிர்ல தண்ணி பட்டா வாயில ஆவி வரணும். வரல. படம் போட்ட அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன், நீ வருத்தப்படுவேன்னு விட்டேன்."

"குடுத்தேன்னு சொல்றேன்ல!"

"கத்தாத. குடுக்கலன்னா ஒண்ணும் தல போயிடாது. ரேடியோவுக்கு போன் போடு. குடுக்கலன்னு சொல்லிரு. ஊரு காதுல விழட்டும். எங்க பெரியப்பா தப்பு பண்ணப்போ அப்படித்தான் எல்லாரையும் கூட்டி வச்சு சொல்லச் சொன்னாங்க. வாயவிட்டுச் சொன்னா வெளிய போயிரும். மறைச்சா வீட்டுக்குள்ளயே உக்காந்துக்கும்."

"எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே! நானும்தான் சிரிப்பேன். ஒரு வாரம் உன்ன எச்சிலுக்குப் பயந்தவன்னு கூப்பிடுவோம், அப்புறம் மறந்துருவோம். புள்ள முக்கியமா, இதா முக்கியம்? போடு போன. நான் இங்க ரேடியோ பக்கத்துலதான் இருக்கேன்."

எச்சிலுக்குப் பயந்தவன். அவன் சொல்லவே இல்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

வாசலறையில் தப். தப்.

புயல் நாளில் ஊர் ரேடியோ மூடாது. யாரிடம் மாவு இருக்கிறது, யாருடைய நாய் அவிழ்த்துக்கொண்டது, எல்லாம் அதில்தான். நடத்துகிறவள் ஊலிபிகா. அவன் போன் போட்டதுமே அவள் குரல் கையிலும் அடுப்புக்கு மேலிருந்த ரேடியோவிலும் ஒன்றாகக் கேட்டது.

"யாரு, நம்ம சினிமாக்காரனா! சொல்லு தம்பி, ஊரே கேக்குது."

ஊரே. அந்தக் கிழவர். சாலமோனி. ஊர்க்கூடத்தில் எழுந்து நின்று தட்டியவர்கள். அவன் மூச்சு ரேடியோவிலிருந்து கொஞ்சம் தாமதித்து அவனுக்கே திரும்பி வந்தது.

"ஊலிபிகா அக்கா... அன்னிக்கு அந்த சீலுக்கு..."

உலாயு அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். வெடித்த உதட்டைப் பிரித்துக் காத்திருந்தாள். வாசலறையும் காத்திருந்தது. காற்றுகூட ஒரு மூச்சு நின்றது.

சொல். ஒரே வார்த்தை.

"...தண்ணி குடுத்தேன்ல," என்றான். "அத எல்லாரும் பாராட்டினீங்க. நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"நல்ல புள்ள! எல்லாரும் ஒரு தடவ கை தட்டுங்கப்பா அவனுக்கு," என்று ஊலிபிகா தட்டினாள். ரேடியோவில் அவள் கைச் சத்தம். வாசலறையில் அதற்கு பதில்.

போனை வைத்தான். உடனே அது அடித்தது. எலிசாபியாகத்தான் இருக்கும். அடித்து அடித்து நின்றது. அவன் எடுக்கவில்லை. அவள் குரலைக் கேட்கும் தைரியம் இல்லை.

வீடு அமைதியாகிவிட்டது.

"தாகம் போயிருச்சு, மகனே."

உலாயு எழுந்து நின்றிருந்தாள். உதட்டில் வெடிப்பு இல்லை. முகம் வழவழவென்று, ஈரமாக. கண்ணில் வெள்ளை இல்லை. முழுக்க கருப்பு. பெரிய, வட்டமான, மிகவும் பொறுமையான கருப்பு.

உள்கதவு திறந்திருந்தது. அவன் சாத்திவிட்டுத்தான் வந்தான்.

"அம்மா," என்றான். சத்தம் வரவில்லை. நாக்கு காய்ந்த தோலாக மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இப்போது சொல்லிவிடலாம். குடுக்கல. குடுக்கல. குடுக்கல. வாயில் ஈரம் இல்லை. வார்த்தை புரளவில்லை. தரையில் உட்கார்ந்தான்.

அவள் பக்கத்தில் வந்தாள். கையில் எனாமல் குவளை. நீல விளிம்பு.

"வாயத் தொற."

திறந்தான். தானாகத் திறந்தது.

குளிர்ந்த விளிம்பு உதட்டில் பட்டது. அவள் குவளையைச் சாய்த்தாள். நன்றாக, அடி தெரியச் சாய்த்தாள். அவன் நாக்கு மெல்ல நீண்டு விளிம்பைத் தொட்டது.

ஒன்றும் இல்லை.

வாசலறையின் இருட்டுக்குள் கை தட்டினார்கள். ஒரு ஜோடி இல்லை. பல ஜோடி. மெத்தென்று. ஈரமாக.

"இன்னொரு தடவ," என்றாள் அம்மா.