லாரி நிற்குமா... நிற்காதா?

மெர்வின் ஹாஸ்லெட்டின் போன் நெடுநேரம் அடித்தது.

கடைசியில் எடுக்கப்பட்டது.

"எங்கே போயிட்டீங்க மெர்வின்? குழு கூடற நேரமாச்சு! அந்த எம்.எல்.ஏ.க்கள் முன்னாடி என்னைத் தனியா மாட்டி விட்டுடாதீங்க!" படபடவென்று கொட்டினாள் ஊனா டெவனி. விவசாயத் துறைத் தலைமை அதிகாரி மெர்வினுக்கு அடுத்த நிலை அதிகாரி அவள்.

மறுமுனையில் மழை பெய்யும் சத்தம். ஒரு நாய் விடாமல் குரைத்தது.

"நீங்க யாரு மேடம்?"

அது மெர்வினின் குரல் இல்லை!

"நான் யாருன்னு கேக்க நீங்க யாரு? மெர்வின் கிட்ட போனைக் குடுங்க!"

"இன்ஸ்பெக்டர் ஃபெர்கல் டோனர், போலீஸ். போனை அவர் கிட்ட குடுக்க முடியாது. அவர்..."

நாயை யாரோ அதட்டினார்கள்.

"...இறந்துட்டார்."

ஊனா காரைச் சாலையோரமாக ஒதுக்கினாள். பின்னால் வந்த பஸ் காட்டுக் கத்தலாக ஹாரன் அடித்துவிட்டுக் கடந்தது. அவளுக்கு அது கேட்கவே இல்லை.

பெல்ஃபாஸ்ட் நகரின் கிழக்கே, ஸ்டார்மண்ட் குன்றின் உச்சியில் சட்டமன்றம். அதைச் சுற்றி மரக்காடு. தினமும் காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு, காட்டுப் பாதையில் நடந்து மேலே வருவது மெர்வினின் வழக்கம். இன்றைக்கும் நடந்தார். பாசி பிடித்த கல் படிக்கட்டின் கீழே, மண்டை உடைந்து, மழையில் நனைந்து கிடந்தார்.

நாயோடு நடக்க வந்த ஒருவர்தான் பார்த்துக் கூச்சலிட்டார்.

"வழுக்கி விழுந்துட்டாரா?" கேட்டாள் ஊனா. இப்போது அவள் அந்தப் படிக்கட்டின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

டோனர் ஒல்லியாக, தூங்கி நாலு நாள் ஆனவர் மாதிரி இருந்தார். "நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா கோட்டு பட்டன் ரெண்டு நூலோட பிஞ்சிருக்கு. படிக்கட்டு வழுக்கும் மேடம்... பட்டனைப் பிய்க்காது!"

"கொலையா...!"

"நெஞ்சுல கை வச்சுக் கோட்டைப் பிடிச்சிருக்காங்க. தள்ளியிருக்காங்க. இன்னைக்கு அவர் என்ன பண்ணப் போறதா இருந்தார்?"

ஊனா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"சட்டமன்ற விவசாயக் குழு முன்னாடி பதில் சொல்றதா இருந்தார். ஐரோப்பியச் சந்தையை விட்டு வெளியே வந்துட்டா, நம்ம பால் லாரி எல்லையில நிக்குமா நிக்காதான்னு. எல்லையோரப் பண்ணைங்க கறக்கற பால் முக்காவாசி, அந்தச் சந்தையிலேயே இருக்கற தெற்கு நாட்டுக்குத்தான் போகுது. லாரி நின்னா பால் கெடும். பால் கெட்டா பண்ணை போச்சு!"

"பதில் என்ன?"

"நிக்கும். ஒவ்வொரு லாரியும். நேத்து சாயங்காலம் லண்டன் அரசாங்கத்துல இருந்து போன் வந்தது."

"யார் யாருக்குத் தெரியும்?"

"மெர்வினுக்கு. அவர் என்கிட்ட மட்டும் சொன்னார். குழுவுல நானே சொல்ற வரைக்கும் மூச்சு விடாதேன்னார்."

டோனர் அவளையே பார்த்தார். மழைநீர் அவர் மூக்கு நுனியில் திரண்டு சொட்டியது.

"மெர்வின் போயிட்டா அவர் நாற்காலி யாருக்கு?"

"எனக்கு..." என்ற ஊனாவுக்குச் சட்டென்று உறைத்தது. "இன்ஸ்பெக்டர்! என்னையா...?"

"கேக்கறது என் வேலை மேடம். ஊரை விட்டுப் போயிடாதீங்க."

*

குழுவின் தலைவி ஹேஸல் பர்டி. பெரிய உடம்பு, சின்னக் குரல். தாழ்வாரத்தில் ஊனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளி வச்சிடலாம்மா. உன் முகத்தைப் பார்க்கவே மனசு பொறுக்கல."

"உள்ளே யார் யாரு வந்திருக்காங்க?"

"எல்லையோர ஃபெர்மனாவுல இருந்து ஒரு பஸ் நிறைய விவசாயிங்க. விடியறதுக்கு முன்னாடி பால் கறந்துட்டு, ரொட்டியைக் கையில சுருட்டிக்கிட்டுக் கிளம்பி வந்திருக்காங்க."

"அப்போ நடத்துங்க. அவங்களைப் பதில் இல்லாம திருப்பி அனுப்ப மாட்டேன்."

அந்த நேரத்தில் தாழ்வாரமே அதிரும்படி ஓர் உருவம் வந்தது. ட்ரெவர் கில்ஃபிலன்! குழு உறுப்பினர். எல்லையோரத்தில் அவருக்கே பெரிய மாட்டுப் பண்ணை. நாடு வெளியேறலாமா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டபோது, வீடு வீடாகப் போய் 'வெளியே வந்தாலும் ஒரு லாரி கூட நிக்காது, என்னை நம்புங்க' என்று சத்தியம் செய்தவர். அவர் பேச்சை நம்பித்தான் அக்கம்பக்கத்தில் எல்லோரும் புது மாடுகள் வாங்கினார்கள்.

மெர்வினோடு இருபது வருடப் பழக்கம். குழு கூடும்போதெல்லாம் அவரைக் குதறுவதும் வழக்கம்.

"இப்போதான் கேள்விப்பட்டேன்," என்றார் ட்ரெவர். "நேரா ஊர்ல இருந்து வர்றேன். போன வாரம் இதே அறையில பார்த்ததுதான் கடைசி. நல்ல மனுஷன்..."

ஊனாவின் கண்ணைப் பார்க்காமலேயே உள்ளே போய்விட்டார்.

*

நீள மேஜை. ஒரு பக்கம் எம்.எல்.ஏ.க்கள். எதிர்ப்பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஊனா. இன்னொன்று காலி.

மேலே கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. நேரடி ஒளிபரப்பு!

பார்வையாளர் வரிசையில் தொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு விவசாயிகள். அவர்களுக்குப் பின்னால்... டோனர். அவர் கண்கள் ஊனாவின் மேலேயே குத்திட்டிருந்தன.

ஒரு நிமிடம் எழுந்து நின்று அஞ்சலி. பிறகு கேள்விகள் பறந்தன.

"மாட்டு மருந்துக்குத் தட்டுப்பாடு வருமா?"

"ஆய்வு நடந்துட்டிருக்கு."

"எப்போ முடியும்?"

"சொல்ல முடியல."

"வேற என்னதான்மா உங்க துறையால சொல்ல முடியும்?"

சிரிப்பு. ஊனா பல்லைக் கடித்துக்கொண்டாள். காலி நாற்காலியை நோக்கித் திரும்பாமல் இருக்க என்ன பாடுபட வேண்டியிருந்தது!

"அடுத்து ட்ரெவர்," என்றாள் ஹேஸல். "உங்க முறை."

அறை தயாரானது. அவர் என்ன கேட்பார் என்று எல்லோருக்கும் தெரியும். குழு கூடிய ஒவ்வொரு நாளும், மேஜையைத் தட்டி, அதே கேள்விதான் கேட்டிருக்கிறார். 'லாரி நிக்குமா நிக்காதா? ஒரே வார்த்தையில சொல்லுய்யா!' நிருபர்கள் அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வார்கள்.

ட்ரெவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கேள்வி எதுவும் இல்ல."

நிருபர் ஒருவர் தலையை நிமிர்த்தினார். விவசாயிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னது?" என்றாள் ஹேஸல்.

"அதான் இல்லைன்னு சொல்றேனே! அடுத்த ஆளைக் கூப்பிடுங்க!"

ஊனா சட்டென்று நிமிர்ந்தாள்.

துக்கமா? இருக்கலாம். ஆனால் இந்த மனிதன், தன் தாயை அடக்கம் செய்த மறுநாள்கூட இங்கே வந்து அதே கேள்வியைக் கேட்டவனாயிற்றே! தன் ஊரே பஸ் பிடித்து வந்து பின்னால் உட்கார்ந்திருக்கும்போது கேட்காமல் விடுவானா?

பதில் தெரிந்தவனுக்குத்தான் கேள்வி தேவைப்படாது!

யார் சொல்லியிருப்பார்கள்? நான் சொல்லவில்லை. லண்டன் இவரோடு பேசாது. அப்படியென்றால் மெர்வின்! எப்போது? நேற்று இரவு வரை அவர் யாரிடமும் வாய் திறப்பதாக இல்லை. இன்று காலையில்தான்... அந்தக் காட்டுப் பாதையில்தான்... சொல்லியிருக்க வேண்டும்!

ஆனால் ஆதாரம்? ஒருவன் கேள்வி கேட்கவில்லை என்பதற்காகக் கைது செய்ய முடியுமா?

ஊனா டோனரைப் பார்த்தாள். டோனரின் புருவம் உயர்ந்தது.

"தலைவி அவர்களே," என்றாள். "கில்ஃபிலன் சார் வழக்கமா கேக்கற கேள்விக்கு இன்னைக்குப் பதில் இருக்கு. அவர் கேக்காட்டியும் நான் சொல்லணும்."

ட்ரெவரின் தோள்கள் விறைத்தன. "வேண்டாம்மா..."

"ஏன் சார்? இத்தனை நாள் கேட்டீங்களே!"

"வேண்டாம்னா விடேன்!"

பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்துவிட்டார். "ட்ரெவர்! என்னய்யா ஆச்சு உனக்கு? அந்தப் பொண்ணு சொல்லட்டும்!"

இதுவரை குழு முன்னால் ஊனா ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. மெர்வின் சொல்லவும் விட்டதில்லை. உள்ளங்கை வியர்வையைப் ஸ்கர்ட்டில் துடைத்துக்கொண்டாள்.

"லாரி நிக்காது!"

விவசாயிகள் நாற்காலி நுனிக்கு வந்தார்கள்.

அப்புறம் வெடித்தது பாருங்கள், கைதட்டல்! தொப்பிகள் பறந்தன. ஒரு பெண் பக்கத்திலிருந்தவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊனா கண்ணை எடுக்கவில்லை... ட்ரெவரின் முகத்திலிருந்து.

அந்த முகம் மலரவில்லை.

"நிக்காதா?"

"நிக்காது சார்."

"ஒரு லாரி கூட?"

"ஒரு லாரி கூட!"

ட்ரெவர் மெல்ல எழுந்தார். கை பட்டு, தேநீருக்கு வைத்திருந்த பால் ஜாடி சாய்ந்தது. மேஜை முழுக்க வெள்ளையாகப் பரவியது. அவர் கவனிக்கவில்லை.

"அப்போ... அப்போ காலையில அவன் எதுக்கு என்கிட்ட நிக்கும்னு சொன்னான்?"

கைதட்டல் ஒவ்வொன்றாக அறுந்து விழுந்தது.

ஹேஸலின் சின்னக் குரல் இன்னும் சின்னதானது. "எந்தக் காலையில ட்ரெவர்? நீ அவரைப் பார்க்கவே இல்லைன்னியே..."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"படிக்கட்டுல வச்சுக் கேட்டேன்," என்றார் ட்ரெவர், யாரிடமோ பேசுவதுபோல. "எல்லார் முன்னாடியும் கேட்டு நீ உடைஞ்சு போகக் கூடாது, அதான் முன்னாடியே சொல்றேன்னான். நல்லதுக்குத்தான் சொன்னான். எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. மாத்திச் சொல்லுடா, மாத்திச் சொல்லுடான்னு கோட்டைப் பிடிச்சு உலுக்கினேன். ஒரே ஒரு தள்ளு... அவ்வளவுதான். இந்த ஜனங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? என் பேச்சை நம்பித்தானே..."

உட்கார்ந்துவிட்டார்.

டோனர் அவருக்குப் பின்னால் வந்து நின்றார். விலங்கு மாட்டவில்லை. தோளில் கை மட்டும் வைத்தார்.

ஊனா எழுந்தாள்.

"தலைவி அவர்களே... ஒரு திருத்தம். நான் சொன்னது பொய். லண்டன் சொன்ன பதில் வேற. லாரி நிக்கும். எல்லாமே நிக்கும். மன்னிச்சுடுங்க."

கட்டிக்கொண்டு அழுத பெண் கைகளை விலக்கிக்கொண்டாள். கிழவர் கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

ட்ரெவர்தான் நிமிர்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"அப்போ மெர்வின் பொய் சொல்லல..."

"அவர் என்னைக்கும் சொன்னதில்ல சார்."

தலையை ஆட்டினார். எதுவோ தீர்ந்துபோன மாதிரி, டோனருக்கு முன்னால் நடந்தார்.

*

வாசலில் மழை விட்டிருந்தது. போலீஸ் கார் கதவு சாத்தப்பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் ட்ரெவரின் வெளுத்த முகம்.

டோனர் ஊனாவிடம் வந்தார். "உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்குங்க. ஆனா ஒண்ணு... குழு முன்னாடி பொய் சொன்னா நடவடிக்கை எடுப்பாங்களாமே?"

"எடுப்பாங்க. எடுக்கட்டும்."

அவள் போன் அலறியது. லண்டன்!

கேட்டாள். "எப்போ?" என்றாள். "காலையிலயா? அதை ஏன் இப்போ சொல்றீங்க!" என்றாள். போனை அணைத்தாள்.

"என்ன மேடம்?"

"நேத்து சொன்னதை ரத்து பண்ணிட்டாங்களாம்... லாரி நிக்காதாம்."

டோனர் திரும்பி, கார் கண்ணாடியைப் பார்த்தார்.

"அப்போ அந்தத் தள்ளு..."

"எதுக்குமே இல்ல இன்ஸ்பெக்டர்."

"அவர்கிட்ட யார் சொல்றது?"

கார் கிளம்பி, மரங்களுக்கு நடுவே இறங்கி மறைந்தது.

டோனர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல மேடம். நீங்க முதல்ல சொன்ன பொய் இப்போ உண்மை. அதைத் திருத்திச் சொன்னீங்களே, அந்த உண்மை இப்போ பொய். இதை எந்தக் குற்றத்துல சேர்க்கறது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ஊனா.

"குற்றமா? எங்க துறையில இதுக்குப் பேரு கொள்கை முடிவு, இன்ஸ்பெக்டர்!"