பதினோராவது பொருத்தம்

காலையில் பல் துலக்கியதும் கழுத்தாடி முன் நிற்பது அரக்கோணத்தில் எல்லா வீட்டிலும் வழக்கம். கண்ணாடிக்குள் இருக்கும் ஒலியலைக் கருவி தைராய்டைத் துழாவிப் பார்க்கும். கட்டி இல்லையென்றால் பச்சை, கடுகளவு இருந்தாலும் மஞ்சள். ஏகாம்பரத்தின் மகள் மதிவதனிக்குச் சித்திரையில் மஞ்சள் வந்தது.

அடக் கடவுளே, வரன் கூடிவந்த நேரத்திலா! ஜாதகத்தோடு கழுத்து அறிக்கையும் கேட்கும் காலம் இது. பத்துப் பொருத்தமும் அமைந்து, பதினோராவதில் தட்டிப்போன பெண்கள் தெருவுக்கு இருவராவது இருந்தார்கள்.

டாக்டர் ஷமீமா படத்தைப் பார்த்துச் சிரித்தார். "நாலு மில்லிமீட்டர்தான் சார். சாதுவான கட்டி. ஊசி குத்திக்கூடப் பார்க்க வேணாம். வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் போதும்."

"எடுத்துட்டா பச்சை வந்துடும் இல்லீங்களா?"

"குரல் நரம்பு பக்கத்துலயே போகுது. எதுக்கு வம்பு?"

"நான் பி.டி. டீச்சர் டாக்டர். விசிலே ஊதினதில்ல, கத்தினா மைதானத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும்" என்றாள் மதிவதனி பெருமையாக. "எனக்கு ஆபரேஷன் வேணாம்பா."

ஏகாம்பரத்தின் காதில் ஊர்வாய் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது. "அப்பாவுக்காக ஒரு தடவைம்மா" என்று கெஞ்சிக் கூத்தாடி, கல்யாண அறுவை மையம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார் பாவி மனுஷன். பாதிச் சுரப்பியை எடுத்தார்கள். கண் விழித்தவள் "அப்பா" என்றாள். வெறும் காற்றுதான் வந்தது. மூன்று மாதமாகியும் அதே காற்று.

ஆவணியில் பெண் பார்க்க வந்தார்கள். ஏகாம்பரம் பச்சை அறிக்கையை நீட்டினார். மாப்பிள்ளையின் அம்மா அதை ஓரமாக வைத்துவிட்டுப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தாள். பதிலாகக் காற்று மட்டும் வந்ததும் அவள் முகம் சுருங்கியது. ஏகாம்பரம் ஆபரேஷன் கதையைச் சொன்னார்.

"குரலே போச்சா? ஒரு சின்னக் கட்டிக்கா? எங்க பையனுக்கே மூணு இருக்குங்க. டாக்டரு சும்மா விட்டுடச் சொல்லிட்டாரு."

"நீங்க சொல்லவே இல்லியே!" என்றார் ஏகாம்பரம்.

"நீங்க கேட்கலியே. ஆம்பளைப் பையன் கழுத்தை யாருங்க கேட்கிறாங்க?" காபியைத் தொடாமலே அவள் எழுந்தாள்.

மறுநாள் காலை கழுத்தாடி பச்சை காட்டி வாழ்த்துச் சொன்னது. மதிவதனி புது விசில் ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாப்பிட்டுப் போம்மா" என்றார் ஏகாம்பரம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். விசிலை எடுத்து ஒரு தரம் ஊதிவிட்டு வாசலைத் தாண்டிப் போனாள்.