கோதையக்காவின் கேரவன்

தண்ணீரை வடித்து, காஸ் சிலிண்டரைக் கழற்றி, கரண்ட் வயரையும் சுருட்டிப் பூட்டியிருந்த பக்கத்துக் கேரவனின் ஜன்னலில், உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. யாரோ தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்ததுபோல.

தன் கேரவனுக்குள்ளிருந்து அதைப் பார்த்த தவநாயகி, கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

குரோய்டனைத் தாண்டி, லண்டன் முடிகிற ஓரத்தில், ஓய்வு பெற்றவர்கள் பனிக்காலத்தைக் கழிக்க வருகிற கேரவன் மைதானம் அது. இந்தப் பருவம் இன்றோடு முடிந்தது. காலையிலிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாகப் போய்விட, புல்லில் அவை நின்ற மஞ்சள் தடங்கள் மட்டும் கிடந்தன. கடைசியாகக் கிளம்பியவர் நித்தியானந்தன் அண்ணை.

"மகன் வருவான்தானே, தங்கச்சி?"

"ஓம் அண்ணை. இருட்ட முன்னம் வாறன் எண்டவன்."

இருட்டிவிட்டது. அதே லண்டனில், ஹரோவிலிருக்கும் மகன் றஜீவ் இந்தப் பனிக்காலம் முழுக்க ஒருமுறையும் எட்டிப் பார்த்ததில்லை. இன்றும் வராவிட்டால்?

அவளுக்குத் துணையென்று இருந்தது பக்கத்துக் கேரவன் கோதையக்காதான். மாலையில் வந்து தேநீர் குடித்துவிட்டு எழும்புவாள். "போட்டு வாங்கோ அக்கா" என்று, போய் வரச்சொல்லித் தவநாயகி வழியனுப்புவாள். போன மாதம் கோதையக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள். கால் பெருவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியது தவநாயகிதான். சவப்பெட்டியை வண்டியில் ஏற்றியபோது, பழக்கதோஷத்தில் அவள் வாய் சொல்லிவிட்டது.

"போட்டு வாங்கோ அக்கா."

நித்தியானந்தன் அண்ணை பதறிப்போனார். "உனக்கென்ன விசரே? செத்த ஆளை ஆரும் திரும்பி வரச் சொல்லுறதோ!"

அன்று மகனிடம் சொல்லப் போன் எடுத்தாள். "அம்மா, மீட்டிங்கில நிக்கிறன்" என்று வைத்துவிட்டான். அதன்பின் அவள் சொல்லவுமில்லை, அவன் கேட்கவுமில்லை.

தொப்.

வெளியே, மரப்படியில். மனிதர் நடந்தால் ஒரு காலுக்குப் பின் மறுகால் கேட்கும். இது இரண்டு காலும் ஒன்றாக விழுந்த சத்தம்.

தொப்.

தாழ்ப்பாளைப் போட்டாள். கதவிடுக்கு வழியே, சந்தனமும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த வாடை மெல்ல உள்ளே வந்தது. செத்தவீட்டில் கடைசியாக மூக்கில் ஏறிய அதே வாடை.

தொப். இன்னும் கிட்ட.

கதவு தட்டப்பட்டது. மெதுவாக. தேநீருக்கு வருகிற ஆள் தட்டுவதுபோல.

பேசாதே. மூச்சு விடாதே. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ஜன்னலில் வெளிச்சம் அடித்தது. கார்!

"அம்மா! சொறி, றோட்டெல்லாம் ஜாம்!"

கதவைத் திறந்து ஓடினாள். படியில் யாருமில்லை. காரின் முன் இருக்கையில் விழுந்தாள்.

"எடு தம்பி. கெதியா எடு."

அவன் கேரவனிலிருந்து பையை எடுத்துவந்து டிக்கியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றான்.

"அம்மா, அந்த அன்ரி ஆர்? பாவம், தனிய நிக்கிறா."

அவள் தன் பக்கக் கதவை இழுத்துச் சாத்தினாள். அவன் இருட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ஏன் அன்ரி குளிருக்குள்ள நிக்கிறியள்? எங்களோட வாங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்."

பெரியவர்களைக் கண்டால் மரியாதையாகப் பேசவேண்டும் என்று அவள்தான் சொல்லி வளர்த்திருந்தாள். அவன் பின்கதவைத் திறந்து பிடித்தான்.

தொப். சரளைக் கல்லில்.

தொப்.

தவநாயகி திரும்பவில்லை. பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிய இரண்டு பாதங்கள், ஒன்றாக எழும்பி, காருக்குள் வந்தன.