இருபது டெரா இடம்

விகோவின் தலைமுடி இன்றும் ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. காலைத் தூக்கம் முடிந்து, வீட்டு வாசலில் நின்ற தள்ளுவண்டியிலிருந்து மாரென் அவனைத் தூக்கியபோது, ஐந்து மாதக் குழந்தையின் அந்தப் பூனைமுடி நெற்றியிலிருந்து பின்னோக்கி, ஈரமாக, பசு நக்கிவிட்ட கன்றின் முடிபோல் ஒட்டிக் கிடந்தது. கன்னமெல்லாம் பிசுபிசுப்பு. தொட்ட விரலை மோந்து பார்த்தாள். புளித்த பால், அதற்கும் அடியில் பல நாள் விளக்காத வாயின் வாடை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

வியர்வையாக இருக்கும், போர்வையைக் குறைத்துப் பாருங்கள் என்று எடை பார்க்க வரும் செவிலி பிர்கிட் போன வாரமே சொல்லியிருந்தாள். ஜனவரிக் குளிரில் என்ன வியர்வை என்று மாரென் கேட்கவில்லை. குளிர்நாட்டுக் கடலோர ஊரான எஸ்பியரில் பிறந்த குழந்தை பகலில் வெளியேதான் தூங்கும். குழந்தையாக இருந்தபோது மாரெனும் அப்படித்தான் தூங்கினாள், அவள் அம்மாவும் தூங்கினாள். உள்ளே படுக்கவைத்தால்தான் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். வெந்நீரில் அவனைத் துடைத்து, பால் கொடுத்து, இரண்டு மணிக்கு மறுபடியும் வாசலில் படுக்க வைத்தாள்.

வண்டியின் கூரைக்குள் ஒரு கேமரா இருந்தது. கணவன் யெப்பேயின் ஏற்பாடு. இரண்டு வாரம் நடுக்கடலில் காற்றாலை வேலை, இரண்டு வாரம் வீடு என்று இருப்பவன், மகனின் ஒரு கொட்டாவியைக்கூடத் தவறவிட மாட்டேன் என்றான். எல்லாம் துணி துவைக்கும் அறையில் இருந்த சேமிப்புப் பெட்டிக்குள் போயிற்று. எதையும் தூக்கிப் போடாத ஜென்மம் அவன். விகோவின் முதல் ஏப்பத்துக்கே மூன்று பிரதி இருந்தது. முதலில் போட்ட நாலு டெராபைட் டிஸ்க் ஒரு மாதத்தில் நிறைந்தது. எட்டு டெரா மூன்றே வாரத்தில். யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். போன ஞாயிறு, படகேறும் முன் புதியதை மாட்டினான்.

"இருபது டெரா. இனிமே புள்ளையையே உள்ள போட்டு வைக்கலாம், அவ்ளோ இடம் இருக்கு," என்று சிரித்தான். மாரெனும் சிரித்தாள்.

இன்று வியாழன். கறுப்பு ரொட்டியில் கல்லீரல் விழுதைத் தடவி ஒரு கடி கடித்தபோது லேப்டாப்பில் சிவப்பு எழுத்து வந்தது. பெட்டியில் இடமில்லை. உடனே யெப்பேயை அழைத்தாள்.

"நாலு நாள்லயே நெறஞ்சிடுச்சு."

"எப்படி? அவன் அசைஞ்சா மட்டும்தான் கேமரா பதியும். தூங்குறவன நீ போய் நோண்டிக்கிட்டே இருக்கியா?"

"நான் ஏன் போறேன்? ரெண்டு மணி நேரம் கட்டை மாதிரி தூங்குறான்."

"அப்ப பழசத் திறந்து பாரு. குப்பைய அழி. விகோவ அழிச்சிடாத, செல்லம்."

அலமாரியிலிருந்த நாலு டெரா டிஸ்கை எடுத்து லேப்டாப்பில் செருகி, ரொட்டியை இன்னொரு கடி கடித்தாள். திரை முழுக்க இளஞ்சிவப்பாக, ஈரமாக, சொரசொரவென்று ஏதோ நெளிந்தது. விகோ கேமராவை வாயில் வைத்துவிட்டானோ என்று நினைத்தாள். அது பின்வாங்கியது. கீழே விகோ தூங்குவது தெரிந்தது. மறுபடியும் வந்து அவன் முகத்தை நெற்றிவரை நிதானமாக நக்கியது. நாக்கு. பின்னால் முகம் இல்லை, தலை இல்லை. வெறும் நாக்கு. சளக், சளக் என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வாயிலிருந்த ரொட்டியை உள்ளங்கையில் துப்பினாள்.

எட்டு டெராவில் நாக்கோடு ஈறும் இருந்தது. பற்களும். வயதான, மஞ்சள் படிந்த, இடுக்கில் என்னவோ சிக்கி அழுகிய பற்கள்.

சின்ன டிஸ்கில் நாக்குக்கு மட்டும்தான் இடம் இருந்திருக்கிறது.

இருபதை அவள் திறக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். வண்டி ஆடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை.

ஓடினாள். செருப்பில்லாமல். கூரையைத் தள்ளினாள். உள்ளே இருந்தான். கண் திறந்து, சிணுங்காமல், தலை முதல் கால் வரை நனைந்து. வாரி எடுத்தாள். காலையில் தூக்கியதைவிடக் கனத்தான். உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.

அழுகை கேட்டது.

துணி துவைக்கும் அறையில். ஒலிபெருக்கியே இல்லாத அந்தப் பெட்டிக்குள்ளிருந்து. விகோவின் அழுகை. கையில் இருந்தவனின் வாயோ மூடியே இருந்தது. பசி வந்தால் அழும் அழுகை. பதிவு, வெறும் பதிவு என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்தது. அருவருப்பாக இருந்தது. கையில் இருந்தவனை இறுக அணைத்துக்கொண்டு, குனிந்து, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

அழுகை பாதியில் அறுந்தது. பச்சை விளக்கு அணைந்தது.

"ஒண்ணும் இல்லடா," என்றாள். "அம்மாதான்."

தோளில் தலை சாய்ந்தது. புளித்த பால் வாடை வந்தது. கழுத்திலிருந்து காதைத் தாண்டி உச்சி வரை, வெதுவெதுப்பாக, அவள் உள்ளங்கையைவிட அகலமாக ஒன்று நிதானமாக மேலேறியது. அவள் முடி ஒரே பக்கமாகப் படிந்தது.