இரண்டாவது தட்டு யாருக்கு?

லேப்டாப் மறுபடியும் அலறியது!

உள்ளே இருக்கிற ஃபேனின் சத்தம்தான். ஆனாலும் சித்ரகலா பதறி எழுந்தாள். அந்த வீட்டில் வேறு எதுவும் சத்தம் போட்டு ரொம்ப நாளாகிறது.

பொங்கலூர். தோட்டத்துக்கு நடுவே ஒற்றை வீடு. புருஷன் விபத்தில் போய் ஒரு வருஷம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு, துணி வெட்டுவதற்கான பேட்டர்ன்களை வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வரைந்து கொடுக்கிறாள்.

மதியமானால் ஒரே ஒரு போன் வரும். அன்புசெல்வி அக்கா. புருஷன் வழியில் தூரத்துச் சொந்தம். சோமனூர்க்காரி. வேறொரு பனியன் கம்பெனியில், மாதிரி உடுப்பு தைக்கும் சாம்பிள் செக்ஷனில் வேலை.

"இன்னைக்கும் வெறும் தயிர்சோறுதானா கண்ணு? ஒரு பொரியலாச்சும் வெச்சுக்கக் கூடாதா?"

அந்த ஒரு குரலுக்காகவே சித்ரகலா மதியம்வரை காத்திருப்பாள்.

இன்றைக்குக் காலையில் வந்ததோ வேறு குரல். முதலாளி தனபால்!

"நீங்க வரைஞ்ச பேட்டர்ன் எல்லாம் வாங்கப் போற பையர் பாக்கறதுக்கு முன்னாடியே இன்னொருத்தங்க ஷோரூம்ல சட்டையாத் தொங்குதுங்க அம்மணி. எப்படிப் போச்சுன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லோணும். இல்லீன்னா... வேலையுமில்ல, போலீஸுலயும் சொல்லிப் போடுவேன்!"

இந்த வேலையும் போய்விட்டால்... பேச ஆளில்லாத வீட்டில் கைக்கும் வேலையில்லாமல் எப்படி நாளை ஓட்டுவது? நினைக்கவே பயமாக இருந்தது.

லேப்டாப்புக்குள் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெயர்.

'விண்டோஸ் ஹெல்ப் ஹோஸ்ட்'.

யார் இது...?

கம்பெனி கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் பிரதீப்பை போனில் பிடித்தாள்.

"விண்டோஸுன்னு பேரு இருக்குதுங்க. நல்லதுதானுங்களே?"

"பேரை ஆரு வேணா வெச்சுக்கலாமுங்க்கா. எந்த ஊட்டுல குடியிருக்குதுன்னு பாருங்க. ரைட் கிளிக் பண்ணி, ஓப்பன் ஃபைல் லொகேஷன்."

"டெம்ப்புனு ஒரு ஃபோல்டருங்க."

"அது தற்காலிகக் குப்பை போடற எடமுங்க. விண்டோஸு ஆளுக்கு அங்கென்ன வேலை? ப்ராப்பர்ட்டீஸ்ல டிஜிட்டல் சிக்னேச்சர் இருக்குதுங்களா?"

"அப்படியொண்ணே காணமுங்க!"

"வெலாசமும் பொய்... கையெழுத்துமில்ல... திருட்டுப்பயலேதானுங்க!"

சித்ரகலாவின் குரல் இறுகியது.

"போன மாசம் இதை சர்வீஸ் பண்ணுனது நீங்கதானுங்களே பிரதீப்?"

"என்னையும் நம்பாதீங்க. அது உள்ள வந்த தேதியைப் பாருங்க."

பார்த்தாள்.

"அவரு... காரியத்தன்னைக்குங்க."

அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். அவர் படத்தை எடுத்து ஃப்ரேம் போடுவதற்காக லேப்டாப் திறந்தே கிடந்தது. யார் வேண்டுமானாலும் பென் டிரைவைச் செருகியிருக்கலாம்!

"சரி, ஃபேன் எப்ப இருந்து கத்துதுங்க?"

"ஆயுத பூஜையில இருந்துங்க. லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வெச்சேன்."

"எந்த எடத்துலீங்க?"

"மேல... நடு நெத்தியில."

"அய்யோ! கேமரா கண்ணுலயே வெச்சுட்டீங்க!" பிரதீப் சிரித்தே விட்டான். "நீங்க எந்திரிச்சுப் போறதைப் பாத்துப் பாத்து ஃபைலைச் சுட்டிருக்குது. இப்பக் கண்ணு தெரியாம முட்டி மோதுது. அந்தச் சத்தந்தானுங்க!"

ஒரு வருஷமாக யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் தனியாகத் தின்றதை... தனியாக அழுததை...

சித்ரகலாவுக்கு உடம்பு கூசியது. பிறகு கோபம் வந்தது.

"முதலாளியையும் லைன்ல போடுங்க பிரதீப். பாக்கறது ஆருன்னு கண்டுபுடிச்சரலாம். ரெண்டு பேரும் வாயைத் தொறக்காதீங்க!"

மதியச் சாப்பாட்டு நேரம். சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தாள். கேமரா முன்னால் தன் தட்டை வைத்தாள். பக்கத்தில் இன்னொரு தட்டு. அலமாரியிலிருந்து ஒரு வருஷமாக இறங்காத, அவள் புருஷனின் தட்டு. அந்தத் தட்டுக்கு எதிரே இருந்த காலி நாற்காலி மட்டும் கேமராவுக்குத் தெரியாது.

இல்லாத ஆளைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னுங் கொஞ்சம் போட்டுக்கறீங்களா?"

நடிப்புதான். ஆனால் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது.

போன் அடித்தது! அழைப்பை மற்ற இருவரோடு இணைத்தாள்.

"கண்ணு... ஊட்டுக்கு ஆராச்சும் வந்திருக்காங்களா?" அன்புசெல்வி!

"இல்லீங்கக்கா. ஏனுங்க?"

"எங்கிட்டயே பொய்யா? பின்ன ரெண்டாவது தட்டு ஆருக்கு?"

சித்ரகலா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

'வெறும் தயிர்சோறுதானா?' என்று தினமும் கேட்டவள், பூஜையில் சந்தனம் கேமராவை மறைத்த பிறகு மட்டும் 'என்ன சாப்ட்டே?' என்று கேட்டாளே... இப்போதுதான் உறைத்தது. அக்கறை என்று நம்பியிருந்தாளே!

"தட்டு இருக்கறது சோமனூர் வரைக்கும் தெரியுதுங்களாக்கா?"

"அது... வந்து... சும்மா ஒரு பேச்சுக்கு..."

"நல்லாத் தெரியுதுங்க!" தனபாலின் குரல் இடி மாதிரி விழுந்தது. "மிச்சத்தை ஸ்டேஷன்ல வந்து பேசுங்க!"

அன்புசெல்வியின் போன் செத்தது.

"மன்னிச்சுக்கோங்க அம்மணி. வேலை உங்களுதுதான். நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பறேன்." தனபாலும் போய்விட்டார்.

"ஃபைலை அழிச்சறாதீங்க, சாட்சி அதுதான்," என்றான் பிரதீப். "இப்போதைக்கு அதை நிறுத்தற என்ட் டாஸ்க் மட்டும் போடுங்க."

சித்ரகலா மவுஸைத் தொட்டாள். கை நின்றது. நாளை மதியம் இந்த போன் அடிக்காது.

"அக்கா...? போட்டுட்டீங்களா?"

"இருங்க பிரதீப். சாப்பிட்டு முடிச்சுட்டுப் போடறேன்."

"ஏனுங்க்கா?!"

"ஒரு வருஷமா எங்கூட உக்காந்த ஒரே ஆளு அதுதானுங்க... பாதிப் பந்தியில எந்திரின்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"