வராதவர் கட்டணம்

தமயந்தியின் கையைப் பற்றி டாக்டரிடம் பேசுவதற்காக அவளுக்குப் பதிலாகத் திரையில் தோன்றிப் பேசும் கணினி உருவம், அவளுடைய பதிலுரு, நூற்று முப்பத்திரண்டு நாட்களாக வரிசையில் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பசி கிடையாது, குளியல் கிடையாது, ஷிஃப்ட் கிடையாது. தமயந்தியின் முகம், தமயந்தியின் குரல், தலையைச் சாய்த்துக் கேட்கும் அவளுடைய பழக்கம் எல்லாம் அதற்கு அப்படியே இருந்தன. இடது கை மட்டும் மரத்துப்போகவில்லை.

அவளுக்கு மரத்துப் பதினாலு மாதம் ஆகிவிட்டது. முதலில் சுண்டுவிரல், பிறகு மோதிர விரல், பிறகு மணிக்கட்டு வரை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டுவதையும் தைப்பதையும் அடுக்குவதையும் இயந்திரங்கள் எடுத்துக்கொண்ட பிறகும், காலரை இழுத்துப் பிடித்து அயர்ன் போடுகிற வேலை மட்டும் மனிதர்களிடமே இருந்தது. அதற்கு ஓர் இயந்திரம் வாங்குவதைவிட தமயந்தி மலிவு. இழுத்துப் பிடிப்பது இடது கையின் வேலை. இரண்டு முறை சுட்டுக்கொண்டாள். இரண்டு முறையும் அவளுக்கு முன்னால் பக்கத்து மேஜைக்காரிக்குத்தான் தெரிந்தது, வாடையை வைத்து.

வேறு பிரிவுக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மாற்றுகிறோம் என்றார்கள். தெருவுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, நரம்பு எங்கோ நசுங்குகிறது, ஒன்றரை வருடத்துக்குள் வைத்தியம் பார்த்தால் உணர்ச்சி திரும்பும், அதைத் தாண்டினால் திரும்பாது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆக, தமயந்திக்கு ஒரு டாக்டர் வேண்டும், இன்னும் நாலு மாதத்துக்குள்.

டாக்டர்கள் எல்லோரும் தொலைத்திரைக்குப் போய்விட்ட காலம் அது. ரத்தம் கொட்டினால், மூச்சு நின்றால் ஆஸ்பத்திரிக்கு நேரே போகலாம். மரத்துப்போவதற்கெல்லாம் வரிசையில் பதிந்துகொண்டு, அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அழைப்பு எந்த நாள், எந்த மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் நோயாளி வரவில்லை என்று பொருள். அரை மாதக் கூலியை வராதவர் கட்டணமாகப் பிடித்துக்கொண்டு, பெயரை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார்கள். தொண்ணூறு நாள் காத்திருந்த முதல் அழைப்பு தமயந்தி குளித்துக்கொண்டிருந்தபோது வந்தது. இரண்டாவது, செல்பேசியைக் கம்பெனி வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே நின்றபோது வந்தது.

அதற்கப்புறம்தான் கணவன் நாச்சிமுத்து பதிலுருவுக்கு ஏற்பாடு செய்தான். சட்டப்படி குற்றம்; மாட்டிக்கொண்டால் மூன்று வருடம் எந்த வரிசையிலும் பெயர் ஏறாது. ஆனாலும் ஊரில் பாதிப்பேரின் இருமலும் மூட்டுவலியும் பதிலுருக்கள் வழியாகத்தான் டாக்டர்களிடம் போய்ச் சேர்ந்தன. காதுக்குப் பின்னால் பொட்டு அளவில் ஒரு செவிவில்லையை ஒட்டிக்கொண்டு ஏழு நாள் வழக்கம்போல் இருந்தால் போதும். யார் என்ன கேட்டால் இவள் என்ன சொல்வாள் என்பதை அது கற்றுக்கொள்ளும்.

ஏழு நாளும் தமயந்தி வழக்கம்போல் இருந்தாள். அவிநாசியிலிருந்து அக்கா கூப்பிட்டு, கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "அது கெடக்குதுக்கா. நீ சாப்பிட்டயா?" என்றாள். சூப்பர்வைசர் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க சார்" என்றாள். பக்கத்து வீட்டம்மா கேட்டாள். "பரவாயில்லீங்க, வேலை செஞ்சா செரியாப் போயிருதுங்க" என்றாள். விசாரிப்பவர்களிடம் உள்ளதைச் சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்துவது அந்தப் பக்கத்தில் மரியாதை இல்லை. நாச்சிமுத்துவிடம்கூட அவள் முழுதாகச் சொன்னதில்லை. செவிவில்லை எல்லாவற்றையும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டது.

நூற்று முப்பத்திரண்டாம் நாள் சாயங்காலம் செய்தி வந்தது. சந்திப்பு முடிந்தது. நோயாளி நலம். கோப்பு மூடப்பட்டது.

இருவரும் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். திரையில் தமயந்தி அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். கையில் என்ன தொந்தரவு என்று டாக்டர் கேட்டார். "அதொண்ணும் பெருசா இல்லீங்க டாக்டர். உங்களுக்குத்தான் செரமம்." மரத்துப்போகிறதா என்று கேட்டார். "அப்பப்ப இருக்குமுங்க. வேலை செஞ்சா செரியாப் போயிருதுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?" இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டே போனார்.

"என்ன புள்ள இது?" என்றான் நாச்சிமுத்து.

"நாஞ் சொல்றதத்தானுங்க சொல்லியிருக்குது" என்றாள் தமயந்தி. குறை சொல்ல அவளுக்கு ஓர் எழுத்துக்கூட அகப்படவில்லை.

மறுநாளே நாச்சிமுத்து பதிலுருக்காரர்களிடம் போய்ச் சண்டை பிடித்தான். ஒருமுறை டாக்டர் முன்னால் உட்கார்ந்துவிட்ட பதிலுருவை ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது, மாற்றினால் பழையதும் புதியதும் வேறுவேறு ஆள் என்று பிடித்துவிடுவார்கள் என்றார்கள். வேண்டுமானால் மறுபரிசீலனை கேளுங்கள், ஒரு மாதத்துக்குள் அழைப்பார்கள், ஆனால் அது ஒரு தடவைதான் என்று யோசனை சொல்லி அனுப்பினார்கள்.

இந்த முறை தமயந்தி தானே உட்கார்ந்தாள். சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு, செல்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, பதினோரு நாள். அவள் குளிக்கும்போது நாச்சிமுத்து கதவுக்கு வெளியே செல்பேசியைச் சாமி விளக்குபோல ஏந்திக்கொண்டு நின்றான். இடையில் சுண்டுவிரல் உள்பக்கமாக மடங்கத் தொடங்கியது. மடங்குவது கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை பத்தரைக்கு அழைப்பு வந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள். திரையில் டாக்டர் பெனிட்டா. நாற்பது வயது இருக்கலாம், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. திரையின் மூலையில் ஓர் எண் எரிந்தது: 71. அதுதான் ஒப்பெண். பதிலுருக்களைப் பிடிப்பதற்காக அந்த மாதம்தான் கொண்டுவந்திருந்தார்கள். இப்போது பேசுகிறவர் போன முறை பேசியவர்தானா என்று முகத்தையும் பேச்சையும் வைத்து அது அளந்துகொண்டே இருக்கும். நாற்பதுக்குக் கீழே இறங்கினால் இவர் நோயாளி இல்லை என்று இணைப்பைத் துண்டித்துவிடும். டாக்டரே நினைத்தாலும் நிறுத்த முடியாது.

"வணக்கம்மா. போன தடவைக்கு இப்ப எப்படி இருக்கு?"

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. தமயந்தி அதை விழுங்கினாள். "கை மரத்துப்போச்சுங்க டாக்டர். அயர்ன் சூடு தெரியறதில்லீங்க."

63.

"போன தடவை நீங்க அப்படிச் சொல்லலியே?"

"அப்பச் சொல்லலீங்க. இப்பச் சொல்றனுங்க."

58. டாக்டர் மூலையைப் பார்த்தார். பிறகு தமயந்தியைப் பார்த்தார். "போன தடவை பேசினது நீங்கதானாம்மா?"

உண்மையைச் சொன்னால் மூன்று வருடம். "நானேதானுங்க டாக்டர்" என்று தலையைச் சாய்த்துப் பணிவாகச் சொன்னாள். எண் 61க்கு ஏறியது.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒண்ணும் கேக்கலை. கொஞ்ச நேரம் போன தடவை மாதிரியே பேசுங்க. எண் ஏறட்டும், அப்புறம் கையைப் பார்ப்போம்."

தமயந்தி முகத்தைச் சரிசெய்துகொண்டாள். அதில் அவளுக்கு நாற்பத்தாறு வருடப் பயிற்சி இருந்தது. "உங்களுக்கு ரொம்பச் செரமம் குடுக்கறனுங்க டாக்டர். சாப்பிட்டீங்களா?" 70. "நாங்க நல்லா இருக்கறமுங்க." 79. "இதெல்லாம் பெருசா எடுத்துக்கறதில்லீங்க." 86.

திரையின் நடுவில் பச்சைக் கட்டம் ஒன்று முளைத்தது. நோயாளி நலம். கோப்பை மூடலாமா?

டாக்டர் அதை அவசரமாக விலக்கினார். மறுபடி முளைத்தது. இந்த முறை பக்கத்தில் பத்து, ஒன்பது என்று நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. நலம் என்று சொன்னால் அவள் தமயந்தி. தமயந்திக்கு டாக்டர் தேவையில்லை. டாக்டர் தேவைப்படுகிறவளை இயந்திரத்துக்கு யாரென்றே தெரியவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. பதினாலு மாதமாக எதுவுமே தோன்றாத இடத்தில் சுருக்கென்று வந்தது.

"நல்லா இல்லீங்க!" என்றாள். பச்சைக் கட்டம் மறைந்தது. "வெரல் மடங்குதுங்க. பாருங்க. இது போன மாசம் சுட்டது, இது அதுக்கு முந்தி சுட்டது. சோத்துத் தட்டு கையில இருக்குதா உழுந்துருச்சான்னு பாத்தாத்தான் தெரியுதுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க." கையைத் திரைமுன் நீட்டினாள். 55. 49.

டாக்டர் முன்னால் சாய்ந்தார். "சுண்டுவிரலை அப்படியே பிடிங்க. முழங்கையை மடக்குங்க. அங்க தட்டினா விரல்ல கரண்ட் மாதிரி ஓடுதா?"

"ஓடறதில்லீங்க. ஒண்ணுமே இல்லீங்க." 44. அவளுக்கே அறிமுகமில்லாத ஒரு குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதிடறேம்மா. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு எழுதிடறேன். கொஞ்சம் அழாம…" டாக்டரின் விரல்கள் வேகமாக ஓடின. 41. 39.

திரை வெளுத்தது. எழுத்துகள் வந்தன. நோயாளி தமயந்தி குறித்த நேரத்தில் வரவில்லை. வராதவர் கட்டணம் விதிக்கப்பட்டது. அடுத்த காத்திருப்பு: நூற்று ஐம்பத்தெட்டு நாட்கள்.

அவளுக்கு மிச்சமிருந்தது மூன்று மாதம். தமயந்தி இரண்டு தடவை படித்தாள். கோபம் வந்த இடம் மறுபடி வெறுமையாகிவிட்டிருந்தது.

சமையலறையிலிருந்து நாச்சிமுத்து ஓடிவந்தான். "என்ன புள்ள, டாக்டர் வந்தாங்களா?"

"வந்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

தமயந்தி செல்பேசியை அவனிடம் நீட்டினாள்.

"நாந்தான் வர்லியாமாங்க."